அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பும் வழியில் இஸ்தான்புல்: தம்பதியர் தாமே திட்டமிட ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் வேலையையோ படிப்பையோ முடித்துக்கொண்டு ஊர் திரும்பும் கணவன் மனைவிக்கு, வழியில் ஓர் ஊரில் இறங்கி நான்கு நாள் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்ற ஆசை வருவது இயல்பு. அதற்கு இஸ்தான்புல் நன்றாகப் பொருந்தும். நியூயார்க்கிலிருந்து ஏறத்தாழ பத்து மணி நேரப் பறத்தல். அங்கிருந்து இந்தியாவுக்கு மேலும் ஆறேழு மணி நேரம். துருக்கியின் கடிகாரத்துக்கும் நம்முடையதற்கும் இரண்டரை மணி நேரமே வேறுபாடு என்பதால், நேர மாற்றத்தின் பெரும்பகுதியை உடல் அங்கேயே பழகிக்கொண்டுவிடும். ஊரில் இறங்கிய மறுநாளே உறவினர் வீடுகளுக்கு அழைக்கப்படப் போகிறவர்களுக்கு இது சிறிய உதவியன்று.

ஆனால் இது விடுமுறைச் சுற்றுலா அன்று. குடியிருந்த வீட்டைக் காலி செய்துகொண்டு கிளம்பும் பயணம். கையில் நான்கு பெரிய பெட்டிகள் இருக்கும், சான்றிதழ்களும் நகைகளும் இருக்கும், அமெரிக்கத் தொலைபேசி எண் இன்றோ நாளையோ அடங்கிவிடும் நிலையில் இருக்கும். ஆகவே பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலிலிருந்து திட்டத்தைத் தொடங்கக் கூடாது. முதலில் விசா, அடுத்து பயணச்சீட்டு, அதற்கடுத்து பெட்டி; இம்மூன்றும் அமெரிக்காவிலேயே தீர்ந்துவிட்டால் ஊரைச் சுற்றுவது எளிது.

முதற்படி: பாஸ்போர்ட்டில் உள்ள விசாவைப் பார்த்தல்

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் துருக்கிக்கு இணையவழி இ-விசா பெறுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து அல்லது ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) ஒன்று வழங்கிய, செல்லுபடியாகும் விசாவோ குடியிருப்பு அனுமதியோ அவர்களிடம் இருக்க வேண்டும். அப்படியிருந்தால் ஒருமுறை நுழைந்து 30 நாள் வரை தங்கும் அனுமதி கிடைக்கும். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இதில் சிக்கல் இல்லை. ஹெச்-1பி வேலை விசாவோ, அவர்களுடைய துணைவருக்கான ஹெச்-4 விசாவோ வைத்திருப்பவர்கள்தான் இங்கே கவனமாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் தங்கியபடியே காலநீட்டிப்பு பெற்றவர்களிடம் ஐ-797 என்ற அமெரிக்கக் குடியேற்றத் துறையின் ஒப்புதல் தாள் செல்லுபடியாக இருக்கும். பாஸ்போர்ட்டில் ஒட்டப்பட்ட விசாவோ எப்போதோ காலாவதியாகியிருக்கும். ஐ-797 என்பது விசாவும் அன்று, குடியிருப்பு அட்டையும் அன்று. துருக்கியில் நுழையும் நாளில் ஸ்டாம்பிங், அதாவது பாஸ்போர்ட்டில் ஒட்டப்பட்ட அந்த விசா, உயிரோடு இருக்கிறதா என்பதே கேள்வி. இல்லையென்றால் அமெரிக்காவிலுள்ள துருக்கித் தூதரகத்தில் வழக்கமான விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்குச் சில வாரங்களை ஒதுக்கி வையுங்கள். மின்னணு வடிவில் மட்டும் உள்ள பிறநாட்டு விசாக்கள் ஆதாரமாக ஏற்கப்படுவதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கணவருக்குக் கிடைத்தால் மனைவிக்கும் தானாகக் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். இருவரும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும், இருவருடைய விசாவும் தனித்தனியே செல்லுபடியாக இருக்க வேண்டும். ஒருவருடைய ஸ்டாம்பிங் முந்தைய பாஸ்போர்ட்டில் இருந்தால் அந்தப் பழைய பாஸ்போர்ட்டும் கைப்பையில் வர வேண்டும். அதைக் கப்பலில் அனுப்பும் பெட்டிக்குள் போட்டுவிட்டால் பிறகு எடுக்க வழியில்லை. விண்ணப்பத்தைத் துருக்கி அரசின் தளத்தில் மட்டுமே செய்யுங்கள். அதன் முகவரி ‘கவ்.டிஆர்’ (.gov.tr) என முடியும். தேடினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் இரட்டிப்புக் கட்டணம் வாங்கும் இடைத்தரகர்களின் தளங்களே. கிடைத்த விசாவை இருவரும் அச்செடுத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் புறப்படும் விமான நிலையத்தின் செக்-இன் மேசையிலேயே கேட்பார்கள்.

இரண்டாம் படி: ஒரே பயணச்சீட்டு

அமெரிக்கா–இஸ்தான்புல் ஒரு சீட்டு, இஸ்தான்புல்–இந்தியா வேறொரு சீட்டு என்று பிரித்து வாங்குவது மலிவாகத் தோன்றினாலும், பெட்டிக் கணக்கில் அது பெரும்பாலும் நட்டமே. விமான நிறுவனத்தின் தளத்தில் ‘மல்டி-சிட்டி’ என்ற தேர்வில், இடையில் வேண்டிய நாள் இடைவெளி விட்டு, ஒரே முன்பதிவு எண்ணில் முழுப் பயணத்தையும் எடுங்கள். அப்போதுதான் ஆளுக்கு 23 கிலோ கொண்ட இரண்டு பெட்டி என்ற அமெரிக்க–இந்தியப் பயணத்துக்குரிய அளவு இறுதி ஊர் வரை தொடரும்.

டர்கிஷ் ஏர்லைன்ஸ் இந்தியாவில் டெல்லிக்கும் மும்பைக்கும் பறக்கிறதே தவிர சென்னைக்கு நேரடியாக வருவதில்லை. இங்கேதான் பலர் இடறுகிறார்கள். மும்பை வரை ஒரு சீட்டும், மும்பையிலிருந்து சென்னைக்கோ மதுரைக்கோ தனியாக ஓர் உள்நாட்டுச் சீட்டும் எடுத்தால், உள்நாட்டு விமானத்தில் பொதுவாக ஆளுக்கு 15 கிலோ மட்டுமே அனுமதி. மீதமுள்ள அறுபது கிலோவுக்கு மேற்பட்ட எடைக்குக் கிலோ கணக்கில் பணம் கட்ட நேரும். ஆகவே சென்னை வரை ஒரே சீட்டாகக் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிடைக்காவிட்டால் வளைகுடா வழியாகச் சென்னைக்கு வரும் விமானங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

சர்வதேசப் பயணத்தில் இடைத்தங்கல் 24 மணி நேரத்துக்குள் இருந்தால் அது இணைப்பு விமானம். பெட்டிகள் பொதுவாக நேரே இந்தியாவுக்குப் போய்விடும். அதைத் தாண்டினால் அது தங்கல். பெட்டிகளை இஸ்தான்புல்லில் எடுத்தே ஆக வேண்டும். ஒரு பகல் மட்டும் ஊரைப் பார்த்தால் போதும் என்பவர்கள் வேண்டுமென்றே 20 மணி நேர இணைப்பைத் தேர்ந்தெடுத்து, மாற்றுடையுடன் ஒரு கைப்பை மட்டும் கொண்டு வெளியே வரலாம். 6 முதல் 24 மணி நேரம் வரை காத்திருப்போருக்கு டர்கிஷ் ஏர்லைன்ஸ் நிறுவனமே இலவச நகர்ச்சுற்று நடத்துகிறது. நீண்ட தங்கலுக்கு எகானமி வகுப்பில் ஓரிரவு ஹோட்டல் தரும் திட்டமும் உண்டு. அது குறிப்பிட்ட சில நாடுகளில் தொடங்கும் பயணங்களுக்கு மட்டுமே பொருந்தும், முன்கூட்டியே விண்ணப்பிக்கவும் வேண்டும். இலவசச் சுற்றில் குழுவோடு ஓட வேண்டியிருக்கும். ஹோட்டல் கிடைத்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: பெட்டிகள்

நான்கு பெட்டிகளையும் பழைய நகருக்குள் இழுத்துச் செல்ல வேண்டாம். சுல்தானஹ்மெட் பகுதியின் தெருக்கள் கல் பாவியவை, மேடும் பள்ளமுமாக இருப்பவை. அங்குள்ள சிறிய ஹோட்டல்கள் பலவற்றில் மின்தூக்கி கிடையாது, அல்லது ஓர் ஆளும் ஒரு பையும் நிற்கும் அளவுக்கே இருக்கும். இஸ்தான்புல் விமான நிலையத்தின் வருகைப் பகுதியிலேயே பொருள் காப்பகம் உண்டு. பெட்டியின் அளவுக்கும் நாளுக்கும் ஏற்பக் கட்டணம். பெரிய பெட்டிகளை அங்கே விட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு சிறிய பையோடு ஊருக்குள் போவதே சரி. நான்கு நாள் கட்டணத்தைக் கூட்டிப் பார்த்தால் மனம் கொஞ்சம் சுணங்கும். நான்கு பெட்டிகளுக்காகப் பெரிய வாடகை வண்டியை இருமுறை அமர்த்தும் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தெளிவு வரும்.

இதைச் செய்ய வேண்டுமானால் பெட்டி அடுக்குவதை அமெரிக்காவிலேயே அதற்கேற்ப அமைக்க வேண்டும். இந்த நான்கு நாளுக்கு வேண்டிய உடை, மருந்து, நடப்பதற்கான காலணி, ஒரு மேல்சட்டை ஆகியவை சிறிய பையில் இருக்கட்டும். பட்டச் சான்றிதழ்கள், நகை, மடிக்கணினி, வரித்தாள்கள் ஆகியவை எக்காரணம் கொண்டும் காப்பகத்தில் விடும் பெட்டியில் இருக்கக் கூடாது. இருவர் உடைகளையும் பெட்டிகளில் கலந்து அடுக்குங்கள். ஒரு பெட்டி தாமதமானாலும் ஒருவர் மட்டும் உடுத்த ஏதுமின்றி நிற்க வேண்டியதில்லை.

தொலைபேசியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்க வங்கிகள் ஓடிபியை அமெரிக்க எண்ணுக்கே அனுப்பும். கிளம்பும் நாளன்று எண்ணைத் துண்டித்துவிட்டால், இஸ்தான்புல் ஹோட்டலில் பணம் கட்டும்போது அட்டை முரண்டுபிடிக்கும், ஓடிபி வராது. குறைந்த கட்டணத் திட்டம் ஒன்றுக்கு எண்ணை மாற்றிச் சில மாதங்களாவது உயிரோடு வைத்திருங்கள். இருவரும் வெவ்வேறு வங்கியின் அட்டை ஒன்றை ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்வதும், கொஞ்சம் டாலர் நோட்டு வைத்துக்கொள்வதும் போதும். விமான நிலையத்தில் நிறைய மாற்ற வேண்டாம். ஊருக்குள் உள்ள நாணய மாற்றுக் கடைகளில் டாலருக்கு நல்ல விலை கிடைக்கும்.

நான்காம் படி: ஊருக்குள் போய்த் தங்குதல்

விமான நிலையம் பழைய நகரிலிருந்து 40 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருக்கிறது. ஹவாயிஸ்ட் என்ற பேருந்துகள் நகரின் முக்கிய இடங்களுக்குச் செல்கின்றன. எம்11 மெட்ரோவில் கெய்ரெட்டெபே வரை வந்து, அங்கே எம்2 தடத்துக்கு மாறியும் வரலாம். நள்ளிரவில் இறங்குவோர் மெட்ரோவை நம்ப வேண்டாம். இயந்திரத்தில் இஸ்தான்புல்கார்ட் ஒன்றை வாங்கிப் பணம் ஏற்றிக்கொண்டால், ஒரே அட்டையை இருமுறை தட்டி இருவரும் மெட்ரோ, டிராம், பேருந்து, படகு என எல்லாவற்றிலும் போகலாம். டாக்சி என்றால் மீட்டர் ஓடுகிறதா என்று பார்த்து ஏறுங்கள், அல்லது செயலி வழியாக அழையுங்கள்.

தங்குவதற்கு நான் பரிந்துரைப்பது சிர்கெசி. ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் வந்து நின்ற பழைய ரயில் நிலையம் அங்கேதான் இருக்கிறது. டி1 டிராம் வாசலில் நிற்கும், எமினோனு படகுத்துறை நடக்கும் தூரம், கடலுக்கடியில் ஆசியக் கரைக்குப் போகும் மர்மராய் ரயிலும் அங்கிருந்தே ஏறலாம். சுல்தானஹ்மெட்டின் மேட்டுத் தெருக்களைவிடத் தரை சமமாக இருக்கும்.

ஐந்தாம் படி: நாட்களைப் பிரித்தல்

பார்க்கும் வரிசையை ஊர் தீர்மானிப்பதில்லை, விடுமுறை நாட்கள் தீர்மானிக்கின்றன. டோப்காபி அரண்மனைக்குச் செவ்வாய் விடுமுறை, தோல்மாபாஹ்சே அரண்மனைக்குத் திங்கள், கிராண்ட் பஜாருக்கு ஞாயிறு. வெள்ளிக்கிழமை நண்பகலில் மசூதிகளுக்குள் பார்வையாளர்களை விடமாட்டார்கள். இந்த நான்கையும் நாட்காட்டியில் குறித்துவிட்டு மீதியை அமைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு இரண்டு பெரிய இடங்களுக்கு மேல் வேண்டாம். ஒன்றைக் கணவர் தேர்ந்தெடுக்கட்டும், மற்றொன்றை மனைவி தேர்ந்தெடுக்கட்டும். வீடு காலி செய்த அலுப்பு இருவருக்கும் இருக்கும், அந்த அலுப்பில் மூன்றாவது அருங்காட்சியகம் சண்டையில்தான் முடியும்.

இறங்கிய நாளில் அருங்காட்சியகம் எதுவும் கூடாது. அன்று மாலை எமினோனுவிலிருந்து ஆசியக் கரையிலுள்ள உஸ்குதாருக்கோ கடிகோய்க்கோ போகும் சாதாரணப் பயணிகள் படகில் ஏறுங்கள். சுற்றுலாக்காரர்களுக்கென்று துறையில் கூவி விற்கப்படும் படகுச் சவாரியை நாடத் தேவையில்லை. இஸ்தான்புல்கார்ட்டைத் தட்டிவிட்டு ஏறும் இந்தப் படகிலேயே பொஸ்போரஸ் நீரிணையும் இரு கண்டங்களின் கரைகளும் தெரியும். படகிலேயே இடை குறுகிய சிறிய கண்ணாடிக் குவளையில் பாலில்லாத தேநீர் தருவார்கள், எள் ஒட்டிய வளையமான சிமிட் ரொட்டியும் கிடைக்கும். வேலை முடிந்து வீடு திரும்பும் உள்ளூர்க்காரர்கள் அந்த ரொட்டியைக் கிள்ளிக் கடற்பறவைகளுக்கு எறிந்துகொண்டே வருவார்கள். கடிகோய்ச் சந்தைத் தெருக்களில் சாப்பிட்டுவிட்டு அடுத்த படகில் திரும்பினால் முதல் நாள் நிறைவு.

இரண்டாம் நாள் ஹாகியா சோஃபியாவுக்குக் காலையிலேயே செல்லுங்கள். பேரரசர் ஜஸ்டினியன் காலத்தில் 532-இல் தொடங்கி 537-இல் கட்டி முடிக்கப்பட்ட தேவாலயம் இது. 1453-இல் மசூதியானது, 1935 முதல் அருங்காட்சியகமாக இருந்து, 2020-இல் மீண்டும் மசூதியானது. 2024 முதல் வெளிநாட்டுப் பயணிகள் கட்டணம் செலுத்தி மேல்மாடத்துக்கு மட்டும் செல்கிறார்கள், தரைத்தளம் தொழுகைக்குரியது. தொடங்கும்போது கட்டணம் ஆளுக்கு 25 யூரோவாக இருந்தது. இருவருக்குமாகக் கூட்டினால் பெரிய தொகைதான், ஆனாலும் கொடுக்கலாம் என்பதே என் கருத்து. ஏறத்தாழ 31 மீட்டர் விட்டமுள்ள கவிகை (குவிமாடம்) அடியில் வரிசையாகச் சாளரங்கள் வைத்துக் கட்டப்பட்டிருப்பதால், பாரம் எதன் மேல் நிற்கிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. முதலில் கட்டிய கவிகை 558-இல் சரிந்துவிழ, முன்னதைவிட உயரமாக எழுப்பியதே பின்னர் பலமுறை பழுதுபார்க்கப்பட்டு இன்று வரை நிற்கிறது. மேல்மாடத்தில் இயேசுவின் மொசைக் ஓவியம் ஒன்று, கீழ்ப்பாதி உதிர்ந்த நிலையில் இருக்கிறது. பக்கத்துச் சாளர ஒளி அந்த முகத்தின் மேல் விழும் திசையிலேயே ஓவியத்தில் நிழல் தீட்டப்பட்டிருப்பதை நின்று பாருங்கள்.

எதிரேயுள்ள நீல மசூதி 1609-இல் தொடங்கப்பட்டது. கட்டணம் இல்லை, தொழுகை நேரத்தில் மட்டும் காத்திருக்க வேண்டும். பெண்கள் தலையை மூட வேண்டும், இருபாலரும் முழங்காலுக்குக் கீழ்வரை மூடிய உடை அணிய வேண்டும். சுடிதாரும் துப்பட்டாவும் இருந்தால் வாசலில் எதையும் வாங்கவோ இரவல் கேட்கவோ தேவையில்லை. பிற்பகல் வெயிலில் பாசிலிக்கா நிலத்தடி நீர்த்தேக்கத்தில் இறங்குங்கள். 336 தூண்கள் நீரில் நிற்கும் அந்தக் குளிர்ந்த இருட்டில், கடைசி மூலையில் இரண்டு தூண்களுக்கு அடியில் கிரேக்கப் புராணத்தின் பாம்புக்கூந்தல் அரக்கி மெடூசாவின் தலைகள், ஒன்று பக்கவாட்டிலும் மற்றொன்று தலைகீழாகவும் வைக்கப்பட்டிருக்கின்றன.

டோப்காபிக்கு அரை நாள் தேவை, அரண்மனைப் பெண்கள் வாழ்ந்த ஹாரம் பகுதியை விட்டுவிடாதீர்கள். கலாட்டா கோபுரத்தின் மேலே ஏற வரிசையில் நிற்பதைவிட, சுலைமானியே மசூதியின் பின்முற்றத்துக்குச் செல்லலாம். கட்டடக் கலைஞர் சினான் 1550-களில் கட்டிய அம்மசூதியின் முற்றத்திலிருந்து பொற்கொம்பு நீர்ப்பரப்பும் கலாட்டாவும் காசில்லாமல் தெரிகின்றன, கூட்டமும் குறைவு. எதிர்வரிசையில் வெள்ளை மொச்சை போன்ற பயற்றுக் குழம்பும் சோறும் விற்கும் கடைகள் உண்டு. சோற்றைக் கண்டு சில நாட்களாகிவிட்டவர்களுக்கு அந்தத் தட்டு பெரிய ஆறுதல்.

சைவம் உண்பவர்கள் இந்த ஊரில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை, ஆனால் கேட்டுத்தான் உண்ண வேண்டும். ‘எட்சிஸ்’ என்றால் இறைச்சியற்றது. மெர்ஜிமெக் எனப்படும் மைசூர்ப் பருப்பு சூப் எங்கும் கிடைக்கும். எலுமிச்சை பிழிந்து குடித்தால் நம் பருப்பு ரசத்துக்கு உறவுதான். சில கடைகளில் அதை இறைச்சிச் சாற்றில் வேகவைக்கிறார்கள் என்பதால் கேட்டுக்கொள்ளுங்கள். பாலாடைக்கட்டியோ கீரையோ வைத்து மடித்துச் சுடும் கொஸ்லெமே, தக்காளியும் முட்டையும் கலந்த மெனெமென், ஆலிவ் எண்ணெயில் சமைத்து ஆறவைத்த காய்கள், உப்பு போட்ட மோரான அய்ரான் ஆகியவற்றை வைத்தே நான்கு நாளைக் கழித்துவிடலாம். விலைப்பட்டியல் காட்டாத உணவகத்தில் உட்காராதீர்கள். குழாய் நீரைக் குடிக்காமல் பாட்டில் நீரை வாங்குங்கள்.

தெருவில் ஒரு பழைய தந்திரம் உண்டு. உங்களுக்கு முன்னால் நடக்கும் காலணித் துடைப்பவரின் தூரிகை தற்செயல்போலக் கீழே விழும். எடுத்துக் கொடுத்தால் நன்றிக்கடனாக உங்கள் காலணியைத் துடைத்துவிட்டு, பிறகு பெருந்தொகை கேட்பார். தூரிகை கிடக்கட்டும், நடந்துகொண்டே இருங்கள்.

பஜாரில் பேரம் பேசுவது வழக்கம், மசாலாச் சந்தையில் அது குறைவு. மிளகும் பட்டையும் அங்கே வாங்குவது கொல்லன் தெருவில் ஊசி விற்கும் கதை. உலர்ந்த அத்தி, பிஸ்தா, சுமாக் எனும் புளிப்பு மசாலாப் பொடி ஆகியவற்றை வாங்கலாம். பழங்காலப் பொருட்களை நாட்டைவிட்டு எடுத்துச் செல்வது துருக்கியில் குற்றம், ஆகவே பழைய நாணயம், பழைய கம்பளம் என்று சொல்லி விற்பவற்றைத் தொடாதீர்கள். தங்கம் வாங்கினால் அது அமெரிக்காவிலிருந்து கொண்டுவரும் நகையோடு சேர்ந்து இந்தியச் சுங்கக் கணக்கில் வரும்.

நடுத் துருக்கியிலுள்ள கப்படோசியாவின் ராட்சத பலூன்களைப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். காற்று சரியில்லாவிட்டால் பலூன் பறக்காது என்பதால், அங்கே குறைந்தது இரண்டு காலைப் பொழுதுகளை ஒதுக்காமல் போவது வீண். துருக்கியில் மொத்தம் ஆறு நாட்களாவது இருந்தால் பெட்டிகளைக் காப்பகத்திலேயே விட்டுவிட்டு உள்நாட்டு விமானத்தில் போய் வாருங்கள். இல்லையென்றால் இந்தமுறை வேண்டாம்.

ஆறாம் படி: கிளம்பும் நாளும் இந்தியாவில் இறங்குதலும்

விமானத்துக்கு நான்கு மணி நேரம் முன்பே விமான நிலையத்தில் இருக்கும்படி கிளம்புங்கள். காப்பகம் இருப்பது வருகைத் தளம், செக்-இன் நடப்பது புறப்பாட்டுத் தளம். நான்கு பெட்டிகளையும் மீட்டு, தள்ளுவண்டிகளில் ஏற்றி, மேலே கொண்டுபோக நேரம் பிடிக்கும். பெட்டிகளைப் போடும்போது ஒட்டப்படும் சீட்டில் இறுதி ஊரின் குறியீடு என்ன என்று படித்துப் பாருங்கள்.

அதில் சென்னை என்று இருந்தாலும், மும்பையிலோ டெல்லியிலோ முதலில் இறங்கும் இடத்தில்தான் குடியேற்றச் சோதனையும் சுங்கமும் நடக்கும். அங்கே பெட்டிகளை நீங்களே சுழலும் பட்டையிலிருந்து எடுத்து, சுங்கத்தைக் கடந்து, உள்நாட்டு மாற்று மேசையில் மறுபடி ஒப்படைக்க வேண்டும். மும்பையில் சர்வதேச விமானங்கள் இரண்டாம் முனையத்துக்கு வருகின்றன. உங்கள் உள்நாட்டு விமானம் முதலாம் முனையத்திலிருந்து கிளம்புவதாக இருந்தால், வெளியே வந்து சாலை வழியாகத்தான் போக வேண்டும். ஆகவே பயணச்சீட்டை வாங்கும்போதே முனைய எண்ணைப் பார்த்து, ஒரே முனையமென்றால் மூன்று மணி நேரமும், மாற வேண்டுமென்றால் ஐந்து மணி நேரமும் இடைவெளி விட்டு உள்நாட்டு விமானத்தைத் தேர்ந்தெடுங்கள்.